மூன்று டிஎம்கள் முறைவைத்து நடத்தும் கேம்பெயினுக்கு எந்த உலகம் பொருந்தும்?

கடலோரன் (கேள்வி):

வணக்கம். நாங்கள் ஆறு பேர், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் மேசை விளையாட்டை விளையாடி வருகிறோம். கடந்த இரண்டு ஆண்டுகளாக, கதையை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) பொறுப்பை நான் ஒருவனே சுமந்தேன். வீட்டில் கைக்குழந்தை வந்த பிறகு ஒவ்வோர் அமர்வுக்கும் தயாரித்துக்கொண்டு வர என்னால் இயலவில்லை. ஆகவே எங்களில் மூவர் முறைவைத்து நடத்துவது, ஒருவர் மூன்று அமர்வுகளை முடித்ததும் அடுத்தவரிடம் ஒப்படைப்பது, பாத்திரங்கள் மாறாமல் ஒரே நெடுங்கதையாக, அதாவது ஒரே கேம்பெயினாகத் தொடர்வது என்று முடிவு செய்திருக்கிறோம். 2024-இல் திருத்தி வெளியிடப்பட்ட விதிநூல்களைப் பயன்படுத்துவதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. எந்த உலகத்தில் விளையாடுவது என்பதில்தான் மூவரும் மூன்று திசையில் நிற்கிறோம்.

இந்த விளையாட்டுக்கென எழுதப்பட்ட உலகங்களில் எனக்கு எபரான் மீது நெடுநாள் ஆசை. இரண்டாம் நண்பர் பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டின் வழியாக வந்தவர் என்பதால் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தை விட்டு வெளியே வர மனமில்லாதவர். மூன்றாமவர், பிறர் எழுதிய உலகம் எதுவும் வேண்டாம், நாமே ஒன்றை உருவாக்குவோம் என்கிறார்.

இதை எண்ணி நான் இவ்வளவு தயங்குவதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு முறை இருவராக மாறி மாறி நடத்திப் பார்த்தோம். களம் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், நகரம் வாட்டர்டீப். என் கையில் இருந்தது அந்த உலகத்தை விவரிக்கும், 1987-இல் வந்த பழைய சாம்பல்நிற நூல்பெட்டி. அதன் நிகழ்காலம் அந்த உலகத்தின் கணக்கில் 1357-ஐ ஒட்டியது. நண்பர் படித்திருந்தவை ஐந்தாம் பதிப்பு நூல்கள். அவற்றில் ஆண்டு 1490-ஐத் தாண்டிவிட்டது. இடையில் நூற்றுமுப்பது ஆண்டுகள் கிடப்பதை இருவருமே கவனிக்கவில்லை. அந்நகரை முகமூடி அணிந்த பிரபுக்கள் ஆள்கிறார்கள்; முகத்தை வெளியே காட்டுபவர் ஒருவர் மட்டுமே. என் முறையில், அந்த ஒருவரான பியர்ஜெய்ரான் எங்கள் குழுவின் பாலடினுக்கு (புனித வீரர் பாத்திரம்) தன் கைப்பட ஒரு கடிதம் தருவதாகக் காட்சி வைத்தேன். தாளைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்து, சிவப்பு மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி, ஒரு பழைய நாணயத்தை அதில் அழுத்தி முத்திரை செய்திருந்தேன். பாலடினாக விளையாடிய தோழி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தன் பாத்திரத்தாளுக்கு முன்னால் வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, நண்பரின் முறையில், அவர் அந்தக் கடிதத்தைக் கோட்டைக் காவலரிடம் நீட்டினார். நகரை ஆள்பவர் லேரல் சில்வர்ஹேண்ட் என்றும், பியர்ஜெய்ரான் மறைந்து நெடுங்காலம் ஆகிறது என்றும் நண்பர் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் செய்ததிலும் பிழை இல்லை. தோழி ஒன்றும் பேசாமல் கடிதத்தை உறைக்குள் திருப்பி வைத்தார். அதன் பிறகு நான்கே அமர்வுகளில் கேம்பெயின் நின்றுபோனது.

அந்த நிலை மீண்டும் வரக் கூடாது. பலர் சேர்ந்து நடத்திய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வடகரை (பதில்):

ஒரு கேம்பெயினின் நடுவில் இப்படி ஒருவருடைய முகம் வாடிப்போவதை நானும் பார்த்திருக்கிறேன் என்பதால், உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஒருவர் மட்டும் நடத்தும்போது எந்த உலகம் வளமானது, எது அழகானது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்துவிடலாம். மூவர் நடத்தும்போது, மற்ற இருவரையும் கேட்காமல் தானே முடிவு செய்யக்கூடியவை ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கிடைக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் அது மிகவும் குறைவு. கடவுளர் மண்ணில் இறங்கி நடந்த காலம், மந்திரம் சிதைந்த பேரழிவு, 2008-இல் நான்காம் பதிப்புக்காகக் காலத்தை ஏறத்தாழ நூறாண்டு முன்னே தள்ளியது என்று ஒவ்வொரு பதிப்பும் அதன் வரலாற்றைப் புரட்டிப் போட்டிருக்கிறது. எந்தத் தெருவைத் தொட்டாலும் யாரோ ஒருவர் ஏற்கெனவே எழுதிவைத்திருப்பார். அந்த உலகம் எனக்கும் பிடித்ததுதான். ஆனால் அதைப் பகிர்ந்து நடத்துவதானால் எந்த ஆண்டு, எந்த நூல் வரை செல்லும் என்பதை முதல் நாளே எழுதிக் கையொப்பமிடாத குறையாக உறுதி செய்ய வேண்டும்.

உலகத்தைப் பங்கிட்டுக்கொள்வது இந்த விளையாட்டுக்குப் புதியதன்று. 1974-இல் முதல் விதிநூல் அச்சாவதற்கு முன்பே, அமெரிக்காவில் இடைக்காலப் போர் விளையாட்டுகளில் ஈடுபட்டிருந்த காசில் அண்ட் குருசேடு சொசைட்டி என்ற குழுவினர், கிரேட் கிங்டம் என்றொரு வரைபடம் வைத்துக்கொண்டு உறுப்பினர்களுக்கு அதில் ஆளுக்கொரு நிலப்பகுதியை ஒதுக்கினார்கள். இந்த விளையாட்டைப் படைத்த இருவரில் ஒருவரான டேவ் ஆர்னிசன் தமக்கென எடுத்துக்கொண்ட பகுதிதான் பிளாக்மூர். மற்றவரான கேரி கைகாக்ஸ், கிரேஹாக் என்ற தம் உலகத்தில் தொடங்கிய கேம்பெயினில் சில காலத்திற்குப் பின் ராப் குன்ட்ஸும் இணை டிஎம்மாகச் சேர்ந்தார். பிற்பாடு 2000 முதல் 2008 வரை நடந்த லிவிங் கிரேஹாக் என்ற பொதுக் கேம்பெயின் இன்னும் பெரியது. கிரேஹாக் உலகத்துக் கண்டத்தின் நாடுகளை மெய்யுலகின் வட்டாரங்களுக்குப் பகிர்ந்து கொடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று தன்னார்வலர் கொண்ட குழுவின் பொறுப்பில் விட்டார்கள். ஒரு நாட்டின் அரசன் சாகலாமா கூடாதா என்பதை அந்த நாட்டுக்குப் பொறுப்பான மூவர் பார்த்துக்கொள்வார்கள். பங்கு தெளிவாக இருந்ததால்தான் கண்டங்கள் கடந்து அத்தனை பேர் ஒரே உலகத்தில் விளையாட முடிந்தது.

ஆகவே என் பரிந்துரை கிரேஹாக். 1980-இல் வந்த அதன் முதல் வெளியீடு 32 பக்கச் சிறுநூலும் இரண்டு பெரிய வரைபடத் தாள்களும் மட்டுமே. ஒரு நாட்டுக்குச் சில பத்திகள், அவ்வளவுதான். மீதியை நிரப்புவது டிஎம்மின் வேலை என்று விட்டுவைத்தார்கள். நீங்கள் பயன்படுத்தப் போகும் 2024 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடிலேயே இந்த உலகம் மாதிரிக் களமாக வரைபடத்தோடு இடம்பெற்றிருக்கிறது. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பழைய சிறுநூலிலும் புதிய நூலிலும் தொடக்க ஆண்டு 576 என்றே இருக்கிறது. கடித விபத்து மீண்டும் நேர வழியில்லை.

மின்னல்தடம் (பதில்):

வடகரை சொன்ன பங்கீட்டை முழுமையாக ஏற்கிறேன். அந்தப் பங்கீட்டுக்கு எபரான் இன்னும் பொருத்தமானது என்று கருதுகிறேன். நாங்கள் நால்வர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அதில் முறைவைத்து நடத்தியிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆண்டுக் கணக்கு. எபரான் 2004-இல் வந்தது. 2002-இல் வெளியீட்டாளர் நடத்திய தேடலுக்கு வந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட முன்மொழிவுகளில் கீத் பேக்கருடையது தேர்வாகி உருவான உலகம் இது. அன்று முதல் மூன்று பதிப்புகள் மாறியும் அதன் தொடக்கக் காலம் மாறவே இல்லை. எந்தக் களநூலைத் திறந்தாலும் 998-ஆம் ஆண்டுதான். கேலிஃபார் பேரரசின் மன்னர் 894-இல் இறக்கிறார், வாரிசுகள் அரியணைக்காகப் போரிடுகிறார்கள், நூறாண்டுப் போரின் இறுதியில் 994-இல் சைர் என்ற நாடு ஒரே நாளில் அழிகிறது, அதிர்ந்துபோனவர்கள் 996-இல் உடன்படிக்கை செய்கிறார்கள், இரண்டாண்டு கழித்து நம் கதை தொடங்குகிறது. இதற்குப் பின் என்ன நடக்கிறது என்று அந்த நூல்கள் எதுவும் சொல்வதில்லை.

அடுத்து, போக்குவரத்து. இது அற்பமாகத் தோன்றும். ஆனால் முறைவைத்து நடத்துகையில் மிக அதிகமாக இடிப்பது இதுதான். ஒருவர் தன் மூன்று அமர்வுகளை ஒரு நாட்டில் முடிக்கிறார், அடுத்தவர் வேறு நாட்டில் தயாரித்து வைத்திருக்கிறார். குதிரையில் போனால் இரண்டு மாதம். எங்கள் முந்தைய கேம்பெயினில் ஒவ்வொரு கைமாற்றத்திலும் அரை அமர்வு பயணத்திலேயே கழிந்தது. எபரானில் மந்திரத்தால் ஓடும் மின்னல் ரயில் உண்டு, வான்கப்பல் உண்டு. ஒருவருடைய மூன்றாம் அமர்வு ரயில் நிலையத்தில் முடியும், அடுத்தவருடைய முதல் அமர்வு வேறொரு நிலையத்தில் தொடங்கும். தடம் எங்கே உடைந்திருக்கிறது என்பதும் கதையாகும். சைர் வழியாகச் சென்ற தடங்கள் அந்நாட்டோடு அழிந்துவிட்டதால், மேற்கிலிருந்து கிழக்கே கார்நாத் என்ற நாட்டுக்குப் போக வேண்டுமென்றால் சுற்றியோ பறந்தோதான் போக வேண்டும். எங்கள் மேசையில் அந்த இடைவெளியைக் கடப்பதே நான்கு அமர்வுகளுக்குத் தீனி போட்டது.

மூன்றாவது, கடவுளர். மற்ற உலகங்களில் ஒரு டிஎம் ஒரு கடவுளைக் கொண்டுவந்து நிறுத்தி ஒரு சொல் சொல்லவைத்தால், மற்ற இருவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும். எபரானில் கடவுள் இருக்கிறார் என்பதற்கே அசைக்க முடியாத சான்று கிடையாது. பூசாரி நம்புகிறார், நம்பிக்கைக்கு ஆற்றல் கிடைக்கிறது, அதற்கு மேல் யாரும் இறங்கி வந்து தீர்ப்புச் சொல்வதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சைர் எதனால் அழிந்தது என்பதை அந்த உலகத்தை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு டிஎம்மும் தன் விடையைத் தானே வைத்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் எண்ணம். ஒருவர் நடத்தும்போது அது வரம். நால்வர் நடத்தும்போது ஒரே பூட்டுக்கு நான்கு சாவிகள் ஆகிவிடும். எங்களில் ஒருவர் தம் முறையில், போர்க்கருவி செய்யும் கேனித் குலத்தின் சோதனை ஒன்று தவறியதால் அழிந்தது என்று ஓர் ஆய்வறையில் குறிப்பேட்டைக் காட்டிவிட்டார். என் அருகில் இருந்தவர் அரை ஆண்டாக வேறொரு விடையை நோக்கித் துளித்துளியாகத் தடயம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அன்று அவர் தம் நோட்டுப்புத்தகத்தை மூடிய ஓசை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தக் குறிப்பேட்டை எழுதியவர் அவ்வாறு நம்பினார், அவ்வளவே என்று பேசி முடித்து ஒருவழியாகச் சரி செய்தோம். நீங்கள் தொடங்கும் முன்பே, இந்தக் கேள்வியின் விடை யாருக்கு உரியது, அல்லது யாருமே சொல்லக் கூடாதா என்பதை எழுதிவிடுங்கள்.

பங்கீட்டைப் பொறுத்தவரை, ஷார்ன் நகரத்தை மூவருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழ்வரை கோபுரங்களால் ஆன பெரிய நகரம் அது; உச்சியில் செல்வர்கள், அடியில் உலைக்கூடங்கள். ஒருவர் எழுதிய தெரு மற்றவருக்கு இடைஞ்சல் ஆகாத அளவுக்கு இடம் தாராளமாக இருக்கிறது. நகரத்துக்கு வெளியே ஆளுக்கொரு நாடு.

சுடுமணல் (பதில்):

யாரும் டார்க் சன் பற்றிச் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். அதை இப்போது எடுக்கச் சொல்ல மாட்டேன். அத்தோஸ் என்ற அந்தப் பாலைவன உலகத்துக்கு 2024 விதிகளில் முழுமையான நூல் இல்லை. மேலும் அதன் நகரங்கள் அடிமை உழைப்பின் மேல் நிற்பவை. மேசையில் இருக்கும் அனைவரும் முன்கூட்டியே மனம்விட்டுப் பேசி ஒப்புக்கொள்ளாமல் அதற்குள் போவது யாருக்காவது வலியைத் தரும்.

ஆனால் 1991-இல் வந்த அதன் முதல் பெட்டியிலிருந்து ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொருவரும் நான்கு பாத்திரங்களை உருவாக்கி வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் விளையாடுவார்கள். சாவு மலிந்த உலகம் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. முறைவைத்து நடத்துவோருக்கு வேறு விதத்தில் உதவும். டிஎம் நாற்காலியில் அமர்பவரின் பாத்திரம் அந்த மூன்று அமர்வுகளில் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கிறது. ஆளுக்கு நான்கு தேவையில்லை, இரண்டு போதும். ஒன்று பயணம் போகும்போது மற்றொன்று ஊரில் இருக்கட்டும். டிஎம் தன் பாத்திரத்தையும் கூட்டத்தோடு இழுத்துக்கொண்டு போய், தானே கேள்வி கேட்டுத் தானே விடை சொல்லும் நிலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கடலோரன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எபரான் நூல்கள் எல்லாவற்றிலும் தொடக்க ஆண்டு மாறாது என்பது எனக்கே தெரியாத செய்தி. ரெல்ம்ஸ் விரும்பும் நண்பரிடம் இந்தப் பதில்களைக் காட்டினேன். கோபுர நகரமும் அதன் சத்திரங்களும் தம் பொறுப்பில் வருமென்றால் தமக்கு நிறைவே என்றார். சொந்த உலகம் கேட்கும் மூன்றாம் நண்பரை எண்ணித்தான் தயங்குகிறேன். அவர் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது. பிறர் எழுதியதை ஒப்பிக்கும்போது தமக்குக் குரல் எழவில்லை என்கிறார். பெரும்பான்மை என்று சொல்லி அவரை அடக்க எனக்கு விருப்பமில்லை.

தாள்மடிப்பு (பதில்):

உங்கள் மூன்றாம் நண்பருக்காகப் பேச வந்தேன். நாங்கள் எங்கள் உலகத்தை நாங்களே செய்துகொண்டோம். அதை யாரும் தனியாக அமர்ந்து எழுதவில்லை. 2011-இல் வெளியான மைக்ரோஸ்கோப் என்ற விளையாட்டை ஒரு நாள் முழுவதும் விளையாடினோம். அதில் டிஎம் கிடையாது. சிறு அட்டைகளில் ஒரு நாகரிகத்தின் காலகட்டங்கள், அவற்றுக்குள் நிகழ்ச்சிகள், நிகழ்ச்சிகளுக்குள் காட்சிகள் என்று ஆளுக்கொன்றாக எழுதி, முன்னும் பின்னுமாக எந்த வரிசையிலும் செருகிக்கொண்டே போகலாம். உங்கள் அட்டையில் நீங்கள் எழுதியதை மற்றவர் மறுக்க முடியாது. ஒரு பேரரசு எப்படி வீழ்ந்தது என்பதை அனைவரும் அறிந்த பிறகு அது எப்படி எழுந்தது என்று எழுதுவதில் தனி இன்பம் இருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு தாளில் வேண்டும், வேண்டாம் என்று இரண்டு பத்திகள் போடச் சொல்வார்கள். எந்த உலகத்தை எடுத்தாலும் அந்தத் தாளை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் தாளின் வேண்டாம் பத்தியில் எங்களில் ஒருவர், இறந்தவரை மந்திரத்தால் எழுப்புவது இந்த உலகத்தில் இல்லை என்று எழுதினார். நான்காம் மாதத்தில் இறந்தது அவருடைய பாத்திரம். ஒரு வெள்ளத்தில், ஆற்றைக் கடக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பகடையில் 3 விழுந்தது. அன்று நடத்தியவர் நான். அவர் கேட்டிருந்தால் அந்த விதியை அடித்துவிட்டு ஏதாவது வழி செய்திருப்பேன். மேசையில் இருந்த அனைவரும் ஒப்பியிருப்பார்கள். அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்துவந்து, தம் கையெழுத்தை எங்களுக்குக் காட்டிவிட்டு அமர்ந்தார். அதன் பின் கதையில் ஊர் முழுவதும் ஆற்றங்கரைக்கு வந்தது.

பெயர்களையும் நாங்களே வைத்ததால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. முன்பு ஒவ்வொரு பெயரையும் எப்படிச் சொல்வது என்று தடுமாறியவர்கள், நாவுக்குப் பழகிய பெயர்கள் வந்ததும் தங்குதடையின்றித் தமிழிலேயே பேசி விளையாடத் தொடங்கினார்கள்.

பொறுப்பைப் பகிர்வதற்கு ஆர்ஸ் மேஜிகாவைப் பாருங்கள். 1987-இல் வந்த அந்த விளையாட்டு தொடக்கம் முதலே பலர் மாறி மாறி நடத்துவதற்கென்று அமைக்கப்பட்டது. மந்திரவாதிகள் சேர்ந்து வாழும் ஒரு மடம் அனைவருக்கும் பொது. ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதியும் ஒரு துணைவரும், இவர்களைத் தவிர யார் வேண்டுமானாலும் எடுத்து விளையாடக்கூடிய காவலர்களும் உண்டு. டிஎம்மாக இருப்பவரின் மந்திரவாதி மடத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருப்பார், அதற்கும் விதிப்படி பயன் உண்டு. சுடுமணல் சொன்ன சிக்கலுக்கு இது இன்னும் மென்மையான தீர்வு.

மின்னல்தடம்:

தாள்மடிப்பு எழுதியதைப் படித்த பிறகு ஒன்று தோன்றுகிறது. எபரானில் தெற்கே ஜென்ட்ரிக் என்றொரு கண்டம் இருக்கிறது. அரக்கர்களின் பேரரசு ஒன்று அழிந்து காடு மூடிய நிலம். பயணியின் சாபம் என்ற ஒன்று அங்கே இருப்பதால் வழிகளும் தொலைவுகளும் நிலையாக இருப்பதில்லை; நேற்றுச் சென்ற பாதை இன்று வேறிடத்துக்குக் கொண்டுபோகும். அதனால் அதற்கு உறுதியான வரைபடமே கிடையாது. கரையில் ஸ்டார்ம்ரீச் என்ற துறைமுகத்தைத் தவிர மற்றவற்றைப் பெரும்பாலும் டிஎம்மின் கைக்கே விட்டிருக்கிறார்கள். அந்தக் கண்டத்தை உங்கள் மூன்றாம் நண்பருக்கு முழுமையாகக் கொடுத்துவிடுங்கள். அவர் வைக்கும் ஊரும் பெயரும் கடவுளும் அங்கே செல்லும். அதன் பழைய வரலாற்றை மைக்ரோஸ்கோப் முறையில் ஆறு பேரும் சேர்ந்தே அட்டைகளில் எழுதினால், அவருடைய நிலத்துக்கு மற்ற ஐவரும் சாட்சி ஆகிவிடுவார்கள்.

கடலோரன்:

நேற்று ஆறு பேரும் கூடினோம். எபரான் என்று முடிவாயிற்று. ஷார்ன் இரண்டாம் நண்பரின் பொறுப்பு. மற்ற இருவரும் அங்கே காட்சி வைக்கலாம், ஆனால் அவரைக் கேட்காமல் அங்கே யாரையும் கொல்லக் கூடாது. கார்நாத்தும் உடைந்த தடங்களும் எனக்கு. ஜென்ட்ரிக் மூன்றாம் நண்பருக்கு. அவர் முகத்தில் மகிழ்ச்சியைப் பார்த்து நெடுநாள் ஆகிறது. சைர் ஏன் அழிந்தது என்பதை எங்கள் மூவரில் எவரும் சொல்வதில்லை என்று தாளில் முதல் வரியாக எழுதினோம். ஆளுக்கு இரண்டு பாத்திரங்கள். அட்டைகள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு.

முன்பு பாலடினாக விளையாடிய தோழி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தம் பாத்திரம் சைர் நாட்டு அகதியாக இருக்கலாமா என்று இறுதியில் கேட்டார். தாராளமாக என்றோம். பைக்குள் கைவிட்டு அந்தப் பழைய பிளாஸ்டிக் உறையை எடுத்தார். தேயிலைச் சாயம் ஏறிய தாள் அப்படியே இருந்தது. மெழுகு முத்திரையின் ஓரம் மட்டும் உடைந்திருந்தது. பியர்ஜெய்ரானின் பெயர் இருந்த அடிவரியை அளவுகோல் வைத்துக் கிழித்துவிட்டு, இது இப்போது இல்லாத ஒரு நாட்டில் ஒருவர் எனக்குக் கொடுத்த கடிதம் என்று சொல்லி மேசை நடுவில் வைத்தார்.